கடல் அங்கிளைக் கேளுங்கள்: கொடி, விசில், லைஃப் ஜாக்கெட்

(கடற்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது சாங்கிப் பக்கம் ஒரு படகு மன்றத்தில் சனிக்கிழமைதோறும் பாதுகாப்புப் பொறுப்பைக் கவனிக்கும் ‘கடல் அங்கிள்’, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நண்பர் ஒருவர் தன் படகு மன்ற விழாவுக்கு அழைத்துப்போனார். அங்கே ஒருவர்கூடக் கடற்படைக்காரர் இல்லை. பல் மருத்துவர், வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர் என்று எல்லாரும் நம்மைப் போன்றவர்கள்தான். ஆனால் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று கொடியேற்றினார்கள். ஒருவர் விசில் ஊதினார். இன்னொருவரைக் ‘கமடோர்’ என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதெல்லாம் வேஷம்தானே?
— சந்தேகப் பேர்வழி, தெம்பனிஸ்

சிரித்ததில் தப்பில்லை. நீலக் கோட்டையும் பித்தளைப் பொத்தானையும் பார்த்தால் எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான். மன்றத் தலைவரைக் கடற்படைப் பதவிப் பெயரான ‘கமடோர்’ என்று அழைப்பது உலகமெங்கும் படகு மன்றங்களில் இருக்கிற வழக்கம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவரால் ஒரு ரப்பர் படகைக்கூடப் போருக்கு அனுப்ப முடியாது.

ஆனால் மொத்தத்தையும் வேஷம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஊர்க் கடற்படையே பொதுமக்களிடமிருந்து வந்ததுதான். 1934 ஏப்ரல் 20-ஆம் தேதி இங்கே ஒரு கடற்படைத் தொண்டூழியச் சேமப்படை அமைந்தது. அதில் இருந்தவர்கள் முழுநேரப் படையினர் அல்லர். சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் பயிற்சி எடுத்த தொண்டூழியர்கள். அந்த வேரில் வளர்ந்த படைதான் 1967 மே 5-ஆம் தேதி தெலுக் ஆயரில், ‘சிங்கப்பூரா’ என்ற கப்பலில், முதன்முதலாகத் தன் சொந்தக் கொடியை ஏற்றியது. இன்றுவரை மே 5-தான் கடற்படை நாள்.

வெளிநாட்டிலும் இப்படிப்பட்ட அமைப்புகள் பழையவை. பிரிட்டனில் 1824-இல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம் இன்றும் பெரும்பாலும் தொண்டூழியர்களை வைத்தே நடக்கிறது. அமெரிக்காவில் 1914-இல் படகுக்காரர்கள் கூடி ‘பவர் ஸ்குவாட்ரன்ஸ்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பேரும் பதவியும் சடங்கும் எல்லாம் கடற்படைச் சாயல். வேலையோ, அக்கம்பக்கத்தாருக்குப் படகோட்டச் சொல்லிக்கொடுப்பது. 1939-இல் அவர்களுடைய கடலோரக் காவல்படையும் பொதுமக்களை வைத்து ஒரு துணைப்படை அமைத்தது. இந்த இரண்டு அமைப்புகளிலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் கூப்பிட்டால் தொண்டூழியர் ஒருவர் வந்து உங்கள் படகை இலவசமாகச் சோதிப்பார். எல்லாம் சரியாக இருந்தால் ஒட்டுவில்லை ஒன்று தருவார். குறை இருந்தால் உங்களிடம் சொல்வதோடு சரி. அபராதம் கிடையாது, அதிகாரியிடம் போட்டுக்கொடுப்பதும் கிடையாது. மனிதர் பயமில்லாமல் தன் படகைக் காட்டுவார் பாருங்கள், அதுதான் சூட்சுமம்.

இப்போது அந்த விசிலுக்கு வருகிறேன். காற்றும் அலையும் சேர்ந்து இரையும்போது மனிதக் குரல் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. விசிலின் கீச்சுச் சத்தம் பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனுக்கும் கேட்கும். அதனால்தான் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு ராகம் வைத்தார்கள். உங்கள் லைஃப் ஜாக்கெட்டின் தோளில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் விசில் தொங்குகிறதே, அதுவும் அதே வேலைக்குத்தான். நண்பரின் விழாவில் ஊதியவரிடம், “உங்கள் ஜாக்கெட்டில் விசில் இருக்கிறதா?” என்று கேட்டுப்பாருங்கள். முகம் எப்படிப் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

‘கப்பலில் ஏறலாமா?’ என்று அனுமதி கேட்கும் வழக்கமும் உண்டு. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். கப்பலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது பொறுப்பாளருக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். படகு மன்றங்களில் இதன் மிச்சம்தான் படகுத்துறையில் இருக்கும் நோட்டுப் புத்தகம். போகும்போது படகின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, போகுமிடம், திரும்பும் நேரம் எல்லாம் எழுத வேண்டும். வந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். நான் முன்பு இருந்த ஒரு மன்றத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வெளியே போனது. இருட்டியும் நோட்டில் கையெழுத்து இல்லை, போனையும் எடுக்கவில்லை. நாங்கள் டார்ச் விளக்கோடு கடலில் சுற்றிக்கொண்டிருந்தோம். அவர்களோ வேறொரு துறையில் படகைக் கட்டிவிட்டு, சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குடும்பத் தலைவருக்கு எங்கள்மேல்தான் கோபம். “நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா?” என்று கேட்டார். அந்த வாரமே அவருடைய மனைவி எங்களுக்கு ஒரு பெரிய டின் முறுக்கு அனுப்பிவைத்தார். அந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்திருந்தது.

காரணம் செத்துப்போய் சடங்கு மட்டும் நிற்கும் வழக்கங்களும் இருக்கின்றன. பிரிட்டிஷ் கடற்படையில் அரசருக்கு வாழ்த்துச் சொல்லி மது அருந்தும்போது உட்கார்ந்தே குடிப்பார்கள். பழைய மரக்கப்பலில் மேல்தளம் தாழ்வு, எழுந்தால் தலை இடிக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். இருபதடி உயரக் கூடத்தில், ஏர்கான் போட்டுக்கொண்டு, அதையே செய்தால் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

ஒரு மன்றம் வேஷமா இல்லையா என்று நான் பார்க்கும் விதம் இது: விழா முடிந்ததும் படகுத்துறைக்கு நடந்து போவேன். கட்டியிருக்கும் படகுகளில் தீயணைப்பானின் தேதி தாண்டியிருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா அல்லது இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறதா என்று பார்ப்பேன். கொடி எவ்வளவு அழகாக ஏறினாலும், உறை பிரிக்காத ஜாக்கெட்டைப் பார்த்தால் எனக்கு அந்த மன்றத்தின்மேல் மதிப்பு போய்விடும்.

கேள்வி: என் மகன் உயர்நிலை ஒன்று. தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. என் மாமியார், “நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?” என்கிறார். அனுப்பலாமா?
— கவலையுள்ள தாய், ஈசூன்

அம்மா, ஈசூனில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில்தானே செம்பவாங். 1938-இல் அங்கே பிரிட்டிஷ்காரர்கள் பெரிய கப்பல் பழுதுபார்க்கும் துறையைத் திறந்தார்கள். அங்கிருந்த கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். என் அப்பாவும் அங்கேதான் சாயம் அடித்தார். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிற புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம், தளத்துத் தொழிலாளர்கள் கும்பிட ஆரம்பித்து, செம்பவாங்கிலிருந்து இங்கே வந்த கோயில். பங்குனி உத்திரத்துக்கு மாமியாரோடு போயிருப்பீர்களே! இதை அவரிடம் சொல்லுங்கள், சம்பந்தம் தெரியும்.

நீச்சல் விஷயம் வேறு. மகனுக்கு வராவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொடுங்கள். 2010-இலிருந்து நம் ஊரில் ‘ஸ்விம்சேஃபர்’ என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது. வேகமாக நீந்துவதை மட்டும் சொல்லித்தருவதில்லை. தண்ணீரில் விழுந்தால் எப்படி மிதப்பது, உடுப்போடு எப்படிச் சமாளிப்பது என்பதும் அதில் உண்டு. அவன் தொடக்கப்பள்ளியிலேயே ஒரு கட்டம் முடித்திருக்கக்கூடும். சான்றிதழைத் தேடிப்பாருங்கள்.

மற்றபடி தயங்காமல் அனுப்புங்கள். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு, முடிச்சு, அணிவகுப்பு, கொடிக்குச் சல்யூட் என்று நேரம் போகும். முடிச்சுப் போடுவதை வீட்டில் வந்து நாற்காலிக் காலில் பழகுவான், திட்டாதீர்கள். ‘போலைன்’ என்று ஒரு முடிச்சு இருக்கிறது. இழுக்க இழுக்க இறுகாது, வேலை முடிந்ததும் சுலபமாக அவிழும். தண்ணீரில் விழுந்தவரின் இடுப்பில் கட்டி இழுக்க அதைத்தான் போடுவோம். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட வருகிற வரைக்கும் விடாமல் பழகச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பர் புதிதாக ஒரு மோட்டார் படகு வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தென்தீவுகளுக்குப் போகலாம் என்று கூப்பிடுகிறார். ‘நான் பாத்தாம் தீவில் எத்தனையோ முறை ஓட்டியவன், லைசென்ஸ் எல்லாம் சும்மா’ என்கிறார். நம்பிப் போகலாமா?
— பாசிர் ரிஸ் வாசகர்

போகாதீர்கள்.

மோட்டார் பொருத்திய உல்லாசப் படகை ஓட்டுகிறவருக்கு இங்கே உரிமம் கட்டாயம். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் விதி அது. தேர்வு எழுதி, படகை ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். காரணம் ரொம்ப எளிது. உலகத்திலேயே நெரிசலான கடற்பாதைகளில் ஒன்று நம் வாசலில் ஓடுகிறது. சிங்கப்பூர் நீரிணையின் மிகக் குறுகலான இடம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. 2023-இல் இங்கே வந்த கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு முதன்முறையாக 300 கோடி டன்னைத் தாண்டியது. இதற்கு நடுவில், எதிரே வருபவனுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாத ஒருவர் உங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறார். (நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், மற்றவனை வலப்பக்கத்தில் பார்க்கிறவன்தான் வழிவிட வேண்டும். நம் சாலைப் பழக்கத்தை வைத்து இடப்பக்கம் ஒடித்தால் கதை முடிந்தது.) தெற்கே பாவாய், செனாங், சுடோங் தீவுகள் ராணுவம் நிஜக் குண்டு சுட்டுப் பழகும் இடம் என்பதாவது அவருக்குத் தெரியுமா, கேளுங்கள்.

அவர் உரிமம் எடுத்த பிறகு அழைத்தால் சந்தோஷமாகப் போங்கள். ஏறுவதற்கு முன் கொஞ்சம் நச்சரியுங்கள். எல்லாருக்கும் ஜாக்கெட் இருக்கிறதா? விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா, 16-ஆம் அலைவரிசையில் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்ல அவரைத் தவிர இன்னொருவருக்கும் தெரியுமா? ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை அவர் கையிலோ காலிலோ மாட்டிக்கொள்கிறாரா? எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைகாவல் என்று வைத்திருக்கிறாரா? போன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். உபின் தீவுப் பக்கம் போனால் பாதி நேரம் அது மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு உங்களை அந்த நாட்டுக்கு வரவேற்கும். பியர் பெட்டியைக் கரைக்கு வந்தபின் திறக்கலாம்.

சாங்கி முனையில் உபினுக்கு ஆளேற்றிப் போகும் பம்போட் எனும் சிறு படகுகளின் அங்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? 12 பேர் சேர்கிற வரைக்கும் காத்திருப்பார்கள். பதின்மூன்றாவது ஆள் எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த படகுதான். அவர்களிடம் நீலக் கோட்டு இல்லை, கமடோரும் இல்லை. என்னைக் கேட்டால் கடல் மரபு அங்கேதான் ஒழுங்காக இருக்கிறது.

கேள்வி: பெண்கள் கப்பலில் ஏறினால் ராசியில்லை என்று மாலுமிகள் சொல்வார்களாமே?
— பிடோக் வாசகி

சொல்வார்கள். நம் கடற்படையில் பெண்கள் போர்க்கப்பலுக்கே தலைமை தாங்கியிருக்கிறார்கள். கப்பல் மூழ்கவில்லை.

கேள்வி: வார இறுதியில் நண்பர்களோடு கயாக் ஓட்டுகிறேன். தூரத்தில் பெரிய கப்பல்கள் போகும். விசைப்படகு துடுப்புப் படகுக்கு வழிவிட வேண்டும் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் அவர்கள்தானே ஒதுங்க வேண்டும்?
— பொங்கோல் இளைஞர்

தம்பி, நீங்கள் பாதி படித்திருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகளில், விசைக்கப்பல் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்று இருக்கிறது. துடுப்புக்கு அப்படி ஒரு சலுகை அதில் எழுதப்படவில்லை. அதே விதிகளில் ஒன்பதாவது விதியையும் பாருங்கள்: குறுகிய கால்வாயில், அதைவிட்டு விலக முடியாத கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைவான படகு எதுவும் இடைஞ்சலாக இருக்கக்கூடாது. பாய்மரமும் இதில் அடக்கம்.

விதியை விடுங்கள், அந்தக் கப்பலுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பெரிய கொள்கலன் கப்பல் ஒன்று 400 மீட்டர் நீளம். ஓட்டுபவர் உயரக் கோபுரத்தில் நிற்கிறார், முன்னால் மலை போலப் பெட்டிகள். கப்பலின் மூக்குக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல் மறைந்தாலும் அனைத்துலக விதி ஒப்புக்கொள்கிறது. அந்த அரை கிலோமீட்டருக்குள் நீங்கள் இருந்தால் அவரைப் பொறுத்தவரை அங்கே யாருமில்லை. பார்த்துவிட்டாலும் பிரேக் போட அது பேருந்து இல்லை, நிற்கக் கிலோமீட்டர் கணக்கில் தூரம் வேண்டும். ஐந்து முறை குட்டையாக ஊதல் கேட்டால், ‘நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை’ என்று அர்த்தம். கையசைத்து விளையாடாமல் நகர்ந்துவிடுங்கள்.

கப்பலைவிட எனக்கு அதிகக் கவலை மேற்கு வானம்தான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்னாலிருந்து நண்பகலுக்குள், சுமத்ராப் புயற்காற்று வரும். மேற்கே கறுப்பாக ஒரு வரிசை எழும்பும், திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். அப்புறம் உங்களுக்கு நேரம் அதிகம் இல்லை. மணிக்கு 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், கூடவே மின்னல். கயாக்காரர்கள் கிளம்புவதும் காலையில்தான் என்பது சங்கடம். கிளம்புமுன் வானிலைச் செயலியில் மழை ராடாரைப் பாருங்கள். சுமத்ரா பக்கமிருந்து சிவப்புக் கோடு ஒன்று நம்மை நோக்கி நகர்ந்தால் கரையிலேயே ரொட்டிப் பரோட்டா சாப்பிடுங்கள். நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒருவர் கயாக்கை மற்றவர் பிடித்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் கயாக்கை விட்டு நீந்தக்கூடாது. தேடி வருபவர் கண்ணுக்கு உங்கள் தலையைவிட அதுதான் தெரியும்.

கேள்வி: தேசிய தினத்துக்குத் தம்பியின் படகில் சிங்கப்பூர்க் கொடியைக் கட்டலாம் என்று இருக்கிறோம். சரிதானே?
— உட்லண்ட்ஸ் வாசகர்

ஆசை நல்ல ஆசை. ஆனால் கடலுக்கு வேறு கொடி. சிங்கப்பூரில் பதிவான தனியார், வணிகக் கப்பல்களின் கொடி முழுச் சிவப்பு. நடுவில் வெள்ளை வளையம், அதற்குள் பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் இருக்கும். கடற்படைக் கொடியோ வெள்ளை. மேல்மூலையில் தேசியக் கொடியும், கீழே எட்டு முனைச் சிவப்பு நட்சத்திரமும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுத் தாழ்வாரத்தில் தேசியக் கொடி, படகின் பின்முனையில் சிவப்புக் கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏற்றி, சூரியன் மறையும்போது இறக்குவது வழக்கம். போகிற வழியில் போர்க்கப்பல் தென்பட்டால் கொடியைக் கொஞ்சம் இறக்கி ஏற்றலாம், அது கடல் வணக்கம். அவர்களும் பதிலுக்கு இறக்கி ஏற்றுவார்கள். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். கொடிக்காக எட்டிப்பார்த்துத் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த மன்றமெல்லாம் பணக்காரர்களுக்குத்தானே? சாதாரண ஆள் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், ஜூரோங்

மரீனாக்களில் உறுப்பினராகக் காசு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்ளப் படகு வைத்திருக்கத் தேவையில்லை. மக்கள் கழகத்தின் ‘பேஷன் வேவ்’ நிலையங்கள் பிடோக் நீர்த்தேக்கம், ஜூரோங் ஏரி, பாசிர் ரிஸ், செம்பவாங் என்று பல இடங்களில் இருக்கின்றன. கயாக்கும் பாய்மரமும் அங்கே படிப்படியாகக் கற்கலாம். ஜூரோங் ஏரி உங்கள் பக்கம்தான். தேசிய சேவை செய்தவராக இருந்தால் ஆயுதப்படைப் படகு மன்றத்தையும் விசாரியுங்கள்.

கேள்வி: பெரியவர் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி ஆறு வயதுப் பேத்திக்குப் போடலாமா? கொஞ்ச நேரம்தானே?
— ஒரு தாத்தா, அங் மோ கியோ

கூடாது ஐயா. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். எடைக்கேற்ற அளவு வாங்குங்கள், இரண்டு காலுக்கும் நடுவே வரும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். போட்டபின் இரண்டு தோள்பட்டைப் பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப்பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவளுக்குப் பெரிது.

ஜாக்கெட்டில் ‘50 நியூட்டன்’, ‘100’, ‘150’ என்று போட்டிருக்கும். அது மிதக்கவைக்கும் விசையின் அளவு. 50 என்பது நீந்தத் தெரிந்தவர், கரையோரம், உதவி பக்கத்தில் இருக்கும்போது. பேத்திக்கு 100-க்குக் குறையாமல், முகத்தை வானம் பார்க்கத் திருப்பி, பிடரிக்குப் பின்னால் மெத்தை வைத்தது வேண்டும்.

‘கொஞ்ச நேரம்தானே’ என்கிறீர்களே. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், படகு விபத்தில் மூழ்கி இறந்தவர்களில் 87 விழுக்காட்டினர் ஜாக்கெட் போடாதவர்கள். விழுந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், தண்ணீருக்குள் வைத்து மாட்டுவது நீந்தத் தெரிந்த எனக்கே பெரும்பாடு. நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தாத்தா போடாமல் பேத்தியை மட்டும் போடச் சொன்னால், படகுத்துறையைத் தாண்டுவதற்குள் அவள் கழற்றிவிடுவாள்.